இடது இடுப்பில் ஒன்றுமில்லை

ஜனவரி 12

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். முழங்கால் எப்படி இருக்கிறது? ஆபரேஷன் செய்த இடம் குளிரில் குத்துகிறதா? மருத்துவர் நடக்கச் சொன்னால் நீங்கள் மாடிப்படி ஏறிப் பார்ப்பவராயிற்றே, அதனால் கேட்கிறேன். இரண்டு தடவை போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

நல்ல செய்தி ஒன்று. எங்கள் உடற்பயிற்சிக் கூடத்தின் வாசலில் ஆளுயரத்துக்கு என் படத்தை வைத்திருக்கிறார் உரிமையாளர். கைகளை மேலே தூக்கி நிற்கிறேன். கீழே ‘வலி அறியாத உடல்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். ஐம்பத்தைந்து வயதில் விளம்பரத்துக்கு நின்றவள் நம் குடும்பத்தில் நான்தான். அண்ணன் இருந்திருந்தால், “பம்பரத்தைப் பிடிச்சுப் பலகையில ஒட்டிட்டாங்களே” என்று சிரித்திருப்பார்.

உரிமையாளர் புதிதாகக் கிளைகள் திறக்கிறார். அங்கே சேரும் ஆசிரியர்களுக்கெல்லாம் நான்தான் பயிற்சி கொடுக்க வேண்டுமாம். ஜூன் மாதம் ஒப்பந்தம். இருபது வருடமாகக் காலையும் மாலையும் கத்திக் கத்தித் தொண்டை கட்டியதற்கு இப்போதுதான் பலன்.

ஒரே ஒரு எரிச்சல். கொஞ்ச நாளாக வகுப்பில் யாரோ ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து நான் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் போட்டுவிடுகிறார்கள். ஓரமாகத் தள்ளி வைப்பேன். மறுநாள் அது பழைய இடத்திலேயே இருக்கும்.

என் பாடங்களைப் படம் பிடித்திருக்கிறோம். முதியவர்களுக்கானவற்றை பென் டிரைவில் போட்டு இதோடு அனுப்புகிறேன். தினமும் காலையில் டி.வி.யில் பார்த்துச் செய்யுங்கள்.

இங்கே எல்லாரும் சௌக்கியம்.

உங்கள்
பம்பரம்


ஜனவரி 24

அன்புள்ள பம்பரத்துக்கு,

ஆசிகள். கடிதமும் அதோடு வந்ததும் கிடைத்தன. முழங்கால் என் பேச்சைக் கேட்கிறது. அதற்கு மேல் புகார் சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை.

போன் செய்யாதே. இந்தக் காலத்தில் போனில் ஒருவரும் வாயைத் திறந்து பேசுவதில்லை. சொல்லை மென்று விழுங்குகிறார்கள். கடிதம் எழுது. எழுதத் தெரிந்தவர்கள் எழுதலாம்.

உன் படத்தின் கீழ் உள்ள வாசகத்தைப் பற்றி நீ என் கருத்தைக் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். வலி அறியாத உடலைப் பிணம் என்பார்கள். உரிமையாளரிடம் சொல்.

எதிர்வீட்டுப் பெண் டி.வி.யில் பாடத்தைப் போடும் விதத்தைக் காட்டிக்கொடுத்தாள். முதல் பாடத்தைச் செய்துவிட்டேன். படம் தெளிவு, ஒலி மோசம். நீயும் வாய்க்குள்ளேயே முனகுகிறாய். கான்வென்ட்டில் எங்களைக் கடைசி பெஞ்சு வரை கேட்கும்படி பேச வைப்பார்கள். பரவாயில்லை. கண் இருக்கிறது. பார்த்துச் செய்துகொள்கிறேன்.

இன்னொன்று. ‘இங்கே எல்லாரும் சௌக்கியம்’ என்று முடித்திருக்கிறாய். அந்த வீட்டில் நீ ஒருத்திதான் இருக்கிறாய். எல்லாரும் என்றால் யார்? நீ சௌக்கியமா?

அன்புடன்
அண்ணி


பிப்ரவரி 15

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். எல்லாரும் என்றால் நானும் பால்கனியில் இருக்கும் இரண்டு செடிகளும். மூவரும் சௌக்கியம். போதுமா? நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா, அதைச் சொல்லுங்கள்.

ஒலி மோசம் என்று நீங்கள் ஒருவர்தான் சொல்கிறீர்கள். காலரில் மைக் மாட்டிப் பேசியிருக்கிறேன். பாடத்தைவிடக் குரல்தான் பிரமாதம் என்கிறார்கள் பார்த்தவர்கள். டி.வி.யில் சத்தத்தைக் கூட்டிப் பாருங்கள்.

வகுப்பில் சில மாற்றங்கள் செய்திருக்கிறேன். தரையில் உட்கார்ந்து எழுவதை நான் செய்து காட்டுவதில்லை. வாயால் சொல்கிறேன், அவர்கள் செய்கிறார்கள். ஆசிரியையைக் காப்பியடிக்காமல் அவரவர் உடம்பைக் கவனிக்க வேண்டும் என்பது இப்போதைய முறை. நானும் எத்தனை நாள்தான் பழைய மாதிரியே சொல்லிக்கொடுப்பது? ஆசிரியையும் வளர வேண்டாமா?

முதல் வரிசையில் ஒரு அம்மா நிற்பார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என் முதல் வகுப்பிலிருந்து வருகிறவர். அவர் நேற்று, “இது புது முறையா, இல்ல உங்களுக்கு முடியலையா?” என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வகுப்புக்கு நேரமாகிறது.

உங்கள்
பம்பரம்


மார்ச் 3

அன்புள்ள பம்பரத்துக்கு,

ஆசிகள். வேளைக்குச் சாப்பிடுகிறேன். வேளைக்குத் தூங்குகிறேன். உன் பாடத்தை ஒருநாளும் விடவில்லை.

ஆசிரியையைக் காப்பியடிக்கக் கூடாது என்பது எனக்குப் புரியவில்லை. பிறகு ஆசிரியை எதற்கு? கான்வென்ட்டில் எங்களுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்த சிஸ்டர் மேசைமேல் ஒரு பூவை வைப்பார். அதில் ஓர் இதழ் ஒடிந்திருந்தால் ஒடிந்தபடியேதான் வரைய வேண்டும். ஒருமுறை நான் அதை நிமிர்த்தி அழகாக வரைந்தேன். “பூவை உன்னைத் திருத்தச் சொன்னேனா?” என்று கேட்டு முட்டை மதிப்பெண் போட்டார். அன்றிலிருந்து எதைப் பார்க்கிறேனோ அதை அப்படியே செய்வேன். உன் பாடத்தையும் அப்படித்தான் செய்கிறேன். நீ கை தூக்கினால் அதே உயரம். நீ காலை மாற்றினால் அதே தினுசு. தலையை நீ லேசாகச் சாய்த்தால் நானும் சாய்க்கிறேன்.

பலன் தெரிகிறது. எதிர்வீட்டுப் பெண் என் நடை மாறிவிட்டதாகச் சைகை காட்டினாள். முன்னேற்றம் என்று எடுத்துக்கொண்டேன்.

உன் கடிதம் இந்த முறை அவசரக் கோலம். வலி அறியாத உடலுக்கு உட்கார்ந்து எழுத நேரமில்லையா?

அன்புடன்
அண்ணி


ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். தாமதத்துக்கு மன்னியுங்கள். வீடு மாற்றினேன். மேல்மாடியில் தண்ணீர் சரியாக வருவதில்லை. இது தரைத்தளம். புது முகவரி பின்பக்கம் இருக்கிறது. வெயில் இல்லாததால் செடிகள் இரண்டும் என்னோடு பேசுவதில்லை.

கூடத்தில் வேலை அதிகம். ஒப்பந்தத்துக்கு முன்னால் இன்னும் சில பாடங்களைப் படம் பிடிக்க வேண்டும் என்கிறார் உரிமையாளர். நான் கொஞ்சம் தள்ளிப்போட்டிருக்கிறேன்.

நடை மாறிவிட்டது என்றீர்களே, எப்படி மாறியது? உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பம்பரம்


ஏப்ரல் 19

அன்புள்ள பம்பரத்துக்கு,

ஆசிகள். பத்து வருடம் தண்ணீர் வராத மாடியில் சந்தோஷமாக இருந்தவள் நீ. அது இருக்கட்டும்.

நடை எப்படி மாறியது என்று கேட்டிருந்தாய். போன வாரம் குளியலறை வாசலில் வலது முழங்கால் மடங்கிவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டேன், விழவில்லை. மறுநாள் பிசியோதெரபி நிலையத்துக்குப் போனேன். அங்கே இருந்தது சின்னப் பெண். என்னிடம் ஏனோ உரக்கப் பேசினாள். மரியாதை தெரியாத பெண் என்று நினைத்தேன். ஆனால் வேலை தெரிந்தவள். படுக்க வைத்து மடக்கினாள், நீட்டினாள், அமுக்கினாள், நடக்கச் சொன்னாள். பிறகு எதிரில் வந்து உட்கார்ந்து, “உங்க இடது இடுப்பு நல்லாத்தான் இருக்கு. ஆனா இடது கால்ல பாரமே போடாம நடக்கிறீங்க. எல்லாம் ஆபரேஷன் பண்ணின வலது முட்டியில போய் விழுது. இது உங்க நொண்டல் இல்லையேம்மா. யாரைப் பார்த்துப் பழகினீங்க?” என்றாள்.

என் வீட்டில் நான் தனி. ஜனவரியிலிருந்து தினமும் நான் உற்றுப் பார்க்கும் ஆள் நீ ஒருத்திதான்.

நேராகக் கேட்கிறேன். உன் இடது இடுப்பில் என்ன?

அன்புடன்
அண்ணி


ஏப்ரல் 25

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். உங்களுக்கு முழங்கால் மடங்கியது என்று படித்ததும் பதறிப்போனேன். தயவுசெய்து குளியலறையில் ஒரு கைப்பிடி போடச் சொல்லுங்கள். அந்தப் பாடங்களைக் கொஞ்ச நாள் நிறுத்திவையுங்கள்.

உங்கள் கேள்விக்குப் பதில். என் இடது இடுப்பில் ஒன்றுமில்லை. இடது காலிலும் ஒன்றுமில்லை. வேண்டுமானால் எக்ஸ்ரே எடுத்து அனுப்புகிறேன். சின்னப் பெண் ஏதோ புத்தகத்தில் படித்ததைச் சொல்லியிருப்பாள். ஆபரேஷனுக்குப் பிறகு நடை மாறுவது சகஜம்.

இதைப் பற்றி வேறு யாரிடமும் பேச வேண்டாம். ஜூன் வரைக்குமாவது. பேச்சு எப்படிப் பரவும் என்று உங்களுக்குத் தெரியாததில்லை.

பம்பரம்


மே 4

பம்பரத்துக்கு,

நான் சுகம். உன் சுகத்தை இந்த முறை கேட்கவில்லை. பதில் எனக்குத் தெரியும்.

உன் கடிதத்தை இரண்டு நாள் வைத்துப் படித்தேன். ‘இடது இடுப்பில் ஒன்றுமில்லை.’ என் நாத்தனார் சத்தியமாகப் பொய் சொல்ல மாட்டாள். பிறகு, பாடத்தில் குற்றமில்லை என்றால் அதை ஏன் நிறுத்தச் சொல்கிறாள் என்று யோசித்தேன். எழுந்து போய் டி.வி.யைப் போட்டு அதன் எதிரில் நின்றேன். நீ என்னைப் பார்த்தபடி நிற்கிறாய். நான் உன்னைப் பார்த்தபடி நிற்கிறேன். உன் வலது கை என் இடது கைக்கு நேரே வருகிறது. கண்ணாடியில் தெரிவதுபோல. இத்தனை நாள் நான் என் இடது காலில் பழகியது உன் வலது காலை.

உன் இடதில் ஒன்றுமில்லை. உண்மை. நீ பொய் சொல்லவில்லை. அதுதான் என்னை அதிகமாகக் கோபப்படுத்துகிறது.

உன் அண்ணனும் நெஞ்சைத் தடவிக்கொண்டு வாயுத்தொல்லை என்றார். வாயுவும் அவருக்கு இருந்தது. அதுவும் பொய்யில்லை. நான் கஷாயம் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பிறகு நடந்தது உனக்குத் தெரியும். நீதான் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாய். இன்னொரு தடவை அதே வீட்டு ஆளுக்குக் கஷாயம் வைக்க நான் தயாராக இல்லை.

உன் எதிரில் தினமும் எத்தனை பேர் நிற்கிறார்கள்? அவர்களும் என்னைப் போல உன்னைப் பார்த்துத்தானே செய்கிறார்கள்? நாளைக்கு ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போகிறாயே, ஊர் முழுக்கவா நொண்ட வைக்கப் போகிறாய்?

பதில் எழுது. முழுப் பதில்.

அண்ணி


மே 27

அண்ணிக்கு,

வணக்கம். முழுப் பதில் எழுதுகிறேன்.

வலது இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது. மாற்று மூட்டு வைக்க வேண்டும் என்று போன வருடமே மருத்துவர் சொல்லிவிட்டார். மாடி ஏற முடியாமல்தான் வீடு மாறினேன். காலையில் செருப்பு மாட்டவே கட்டிலைப் பிடித்துக்கொள்கிறேன். வாசலில் நிற்கும் என் படத்தைத் தாண்டி உள்ளே போகும்போது அதைப் பார்ப்பதில்லை.

உங்கள் முழங்காலுக்கு நான்தான் காரணம். அதை நினைக்காத நாள் இல்லை. மன்னிப்புக் கேட்டு எழுதியவற்றையெல்லாம் கிழித்துப் போட்டேன். அதனால்தான் இவ்வளவு தாமதம்.

உரிமையாளரிடம் சொன்னால் அன்றைக்கே படம் இறங்கும். ஒப்பந்தம் போகும். அதற்குப் பிறகு நான் யார்? எனக்கு வேறு வேலை தெரியாது. ஆடாமல் நிற்கும் பம்பரத்தை யாராவது கையில் எடுப்பார்களா?

ஆனால் ஒன்று. உங்கள் கடிதம் வந்த மறுநாள் வகுப்பில் எல்லாரையும் நடக்கச் சொல்லிவிட்டுப் பின்னால் போய் நின்று பார்த்தேன். ஒருவர்கூடச் சாயவில்லை, அண்ணி. மறுநாளும் பார்த்தேன். முதல் வரிசைகூட நேராகத்தான் நடந்தது. ஏனென்றால் வலி வந்ததிலிருந்து நான் மூச்சுக்கு மூச்சு, “இரண்டு இடுப்பும் ஒரே மட்டத்துல, இரண்டு கால்லயும் ஒரே பாரம்” என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். கண் என்னைப் பார்த்தாலும் காது திருத்திவிடட்டும் என்றுதான். உங்கள் டி.வி.யில் இருக்கும் பாடத்தில் ஒவ்வொரு அசைவுக்கும் அதைச் சொல்லியிருக்கிறேன்.

சாய்ந்தது நீங்கள் ஒருவர்தான்.

போனை எடுப்பதில்லை. ஊரில் எல்லாரும் முனகுகிறார்கள். எதிர்வீட்டுப் பெண் சைகையில் பேசுகிறாள். பிசியோதெரபி பெண் உரக்கப் பேசினால் மரியாதை இல்லை. அண்ணி, உங்களுக்கு எத்தனை வருடமாகக் காது கேட்கவில்லை?

அதைப் பற்றி ஒரு வரி எழுதுங்கள். அதுவரை என் இடுப்பைப் பற்றி நீங்கள் பேச வேண்டாம்.

பம்பரம்


ஜூன் 5

உன் கடிதம் கிடைத்தது. படித்தேன். நான் நலம்.

அண்ணி


ஜூன் 18

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலமில்லை. நீங்களும் நலமில்லை என்று நினைக்கிறேன். இப்படித் தொடங்கி நான் ஒரு கடிதமும் எழுதியதில்லை.

உங்கள் காதைப் பற்றி நான் எழுதிய விதம் தவறு. எழுதிய விஷயம் தவறில்லை.

திங்கட்கிழமை ஒப்பந்தம் என்று சொல்லியிருந்தார் உரிமையாளர். ஞாயிறு மதியம் உங்களுடைய அந்த இரண்டு வரிக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு என் பாடத்தை டி.வி.யில் போட்டேன். சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டுப் பார்த்தேன். நீங்கள் பார்ப்பதுபோல.

அண்ணி, அதில் ஒரு நொண்டிப் பெண் கையைத் தூக்கித் தூக்கிச் சிரிக்கிறாள். வலது கால் தரையைத் தொட்டதும் தப்பித்து ஓடுகிறது. முகம் சிரிக்கிறது, தோள் கெஞ்சுகிறது. வார்த்தை இல்லாமல் பார்த்தால் அவ்வளவுதான் நான். அதைத்தான் நீங்கள் தினமும் காலையில் தனியாக நின்று, ஒரு இதழ்கூடத் திருத்தாமல் செய்திருக்கிறீர்கள்.

மறுநாள் ஒப்பந்தத்துக்கு முன்னால் காலை வகுப்பு. நாற்காலி வழக்கம்போல என் பக்கத்தில் கிடந்தது. நான் தள்ளிவைக்கவில்லை. அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். இடுப்பு, மருத்துவர், போன வருடம், படம், எல்லாவற்றையும். முடித்ததும் முதலில் பேசியவர் வங்கிக்கார அம்மாதான்.

“நல்லவேளை, சொன்னீங்க. இத்தனை நாளா அந்த நாற்காலியை யாருக்குப் போட்டேன்னு நினைச்சீங்க? எனக்கு முதுகு வலிக்குது, இனிமே நீங்களே போட்டுக்குங்க.”

உட்கார்ந்தேன். உட்கார்ந்துகொண்டே வகுப்பை நடத்தினேன். இருபது வருடமாகக் கூடத்தின் எதிர்ச்சுவரில் இருக்கும் கண்ணாடியில் நான் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன் போலிருக்கிறது. அன்றைக்குத்தான் அவர்களைப் பார்த்தேன். வங்கிக்கார அம்மா கையைத் தூக்கும்போது இடது கட்டைவிரலை மடக்கிக்கொள்கிறார். கேட்டால் அங்கே பழைய முறிவு என்கிறார். நான் ஒருநாளும் கேட்டதில்லை.

உரிமையாளர் கோபப்படவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. தண்ணீர் கொடுத்தார், உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். மாலைக்குள் படத்தை இறக்கிவிட்டார். புதுக் கிளைகளின் பயிற்சி என்னிடம் படித்த ஒரு பெண்ணுக்குப் போகிறது. நல்ல பெண்தான். எனக்குக் காலை வகுப்பு மட்டும். படம் இருந்த இடத்தில் சுவர் வெளுப்பாக இருக்கிறது. இரண்டு நாள் அழுதேன். மூன்றாம் நாள் வகுப்புக்குப் போனேன்.

ஆகஸ்டில் ஆபரேஷன்.

நான் சொல்லிவிட்டேன். உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை.

உங்கள்
பம்பரம்


ஜூலை 21

அன்புள்ள பம்பரத்துக்கு,

ஆசிகள்.

கேட்ட வரி இதோ: உன் அண்ணன் போவதற்கு முன்பே எனக்குக் காது மந்தம். அவருக்குத் தெரியும். என் பக்கம் திரும்பி, வாயை நன்றாகத் திறந்து பேசுவார். வெளியாருக்கு அது தெரியாதபடி பார்த்துக்கொள்வார். அவர் போன பிறகு ஒருவரும் அப்படிப் பேசவில்லை. முனகுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டேன். சொல்லச் சொல்ல நானே நம்பிவிட்டேன்.

கோபத்தில் உன் கடிதத்தை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அடுத்த கடிதம் வந்தது. நீ உன் சீட்டை மேசையில் போட்ட பிறகு நான் மட்டும் என் சீட்டை மூடி வைத்திருப்பது சரியாகப் படவில்லை. போன வாரம் காதில் பட்டாணி அளவுக்கு ஒன்றை மாட்டியிருக்கிறார்கள். அசிங்கமாக இருக்கிறது. முடியை முன்னால் இழுத்துவிட்டுக்கொள்ள நினைத்தேன். பிறகு வேண்டாம் என்று பின்னிவிட்டேன்.

வீடு இவ்வளவு பேசும் என்று தெரியாது. ஃபிரிட்ஜ் முனகுகிறது. கதவு எத்தனையோ வருடமாக என்னைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறது, எண்ணெய் போட்டேன். எதிர்வீட்டுப் பெண்ணுக்குக் கீச்சுக்குரல். பாவம், இத்தனை நாள் என் முன்னால் கையை ஆட்டி ஆட்டிச் சலித்திருப்பாள். பிசியோதெரபி பெண்ணிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று அவளுக்குப் புரியவில்லை. முழங்கால் தேறிவருகிறது; இரண்டு காலிலும் நடக்கிறேன்.

பிறகு உன் பாடத்தைப் போட்டேன். நீ சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தாய் அல்லவா? நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். குரல் பிரமாதம்தான், ஒப்புக்கொள்கிறேன். இரண்டு இடுப்பும் ஒரே மட்டத்தில் என்றும் சொல்கிறாய். ஆனால் இன்னொன்றும் கேட்டது. ஒவ்வொரு தடவையும் வலது காலில் பாரம் ஏறும்போது உனக்கு ஒரு கணம் மூச்சு நிற்கிறது. காலர் மைக் அதைச் சொட்டு விடாமல் பிடித்திருக்கிறது. முதல் பாடத்திலிருந்தே இருக்கிறது. திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன்.

யாரிடமிருந்து மறைத்தாய் நீ? காது உள்ள ஒவ்வொருவரும் அதைக் கேட்டிருப்பார்கள். அந்த வங்கிக்கார அம்மாள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தது அதைக் கேட்டுத்தான். கேட்காமல் போனது எனக்கு ஒருத்திக்குத்தான்.

ஆபரேஷனுக்கு நான் வருகிறேன். வேண்டாம் என்று எழுதாதே, டிக்கெட் வாங்கியாயிற்று. செடிகளை வெயிலில் எடுத்து வை. தேறி வந்ததும் முதியவர்களுக்கு ஒரு புதுப் பாடம் எடு, நாற்காலியோடு. வாசகம் ஒன்றும் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய். எடுப்பேன்.

கத்தாதே.

அன்புடன்
அண்ணி